அரசுப் பள்ளி முன்னோட்டத் திட்டங்கள்: செயல்வழிக் கற்றல் முதல் எண்ணும் எழுத்தும் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1988-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, 2019-இல் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளைத் தவிர வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. என் அக்கா மகளும் இப்போது இடைநிலை ஆசிரியைதான். புத்தகத்துக்குப் பதிலாக அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் பற்றியும், அதற்குப் பின்னால் வந்த திட்டங்கள் பற்றியும் பெற்றோர்களும் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

செயல்வழிக் கற்றல் எங்கே, எப்படித் தொடங்கியது?

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலியில், சுற்றுவட்டாரச் சின்னக் கிராமங்களுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், ஒரே அறை என்ற நிலைமைக்கென்றே யோசித்துச் செய்த முறை அது. சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து, திரும்பி வந்து, தங்கள் பள்ளிகளுக்கு ஏற்றபடி அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். சீக்கிரமே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. அப்புறம் விஜயகுமாரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனார். ஒன்றியத்துக்குச் சில பள்ளிகள் என்று முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசு, உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏறக்குறைய 37,000 பள்ளிகள்.

13-இலிருந்து 37,000-க்கு வர ஆனது நான்கே ஆண்டுகள். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

வகுப்பறையில் அது எப்படி இருந்தது? நான் அந்தக் காலத்தில் படித்தவன் இல்லை.

பாடப் புத்தகத்துக்குப் பதிலாக அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம், ஓர் எண். அட்டைகளை வரிசையாகச் சொல்லும் ஏணிப்படி சுவரில் தொங்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று ஏணிப்படியில் பார்த்து, ட்ரேயிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அது எந்தக் குழுவுக்கு உரியதோ அந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும். முழுக்க ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, பாதி உதவியோடு கற்கும் குழு, கூடப் படிக்கும் பிள்ளையின் உதவியோடு கற்கும் குழு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் குழு என்று பிரித்திருப்பார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். வருகையைப் பிள்ளைகளே பதிவார்கள். ஆசிரியர் நாற்காலியில் அல்ல, பாயில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அதை நீங்கள் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டேனே, ஏன்?

முறையை நான் குறை சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் பக்கம் தை முடிந்தால் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போவார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளை, பழைய முறையில், புத்தகத்தில் பாதியைத் தொலைத்துவிட்டு ஒன்றும் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். செயல்வழிக் கற்றலில் அந்தப் பிள்ளை போகும்போது விட்ட படியில் வந்து மறுபடியும் ஏறலாம். “எனக்கு இந்த அட்டை, டீச்சர்” என்று எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். பிரம்பு இல்லை, பயம் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் ஆசிரியரின் தோளைத் தொட்டுப் பேசியதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த ஆண்டுகளில்தான். அந்த மாற்றத்துக்காக அதைக் கொண்டுவந்தவர்களுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

என் குறையெல்லாம் அதைப் பரப்பிய விதத்தில். சென்னையில் ஆசிரியர்கள் போய்ப் பார்த்து, சண்டை போட்டு, அட்டையை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். எங்களுக்கு அச்சடித்த அட்டைகள் பெட்டியில் வந்தன. அவர்கள் கற்றுக்கொண்ட வழி எங்களுக்கு வரவில்லை, அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் மட்டும் வந்தது. முன்னோட்டம் ஜெயித்ததற்கு அட்டைதான் காரணம் என்று மேலே இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். அட்டையைச் செய்த கைகள்தான் காரணம் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

2009 என்று நினைவு. ஈராசிரியர் பள்ளி. இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, சூட்டிகையானவள், திடீரென்று மந்தமாகிவிட்டாள். நாள் முழுக்க ஒரே அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. நான் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உதட்டை அசைத்துப் படிப்பதுபோலக் காட்டுவாள். நான்காம் நாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அடுத்த அட்டை இல்ல டீச்சர்” என்றாள். ட்ரேயைக் கவிழ்த்துப் பார்த்தேன். உண்மைதான், அந்த ஓர் அட்டை இல்லை. தொலைந்ததா, பெட்டியிலேயே வரவில்லையா, யாருக்குத் தெரியும். அவள் கையிலிருந்த அட்டையின் மூலை நைந்து, எண் போட்டிருந்த இடம் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது.

நான்கு நாள் அந்தப் பிள்ளை ஏணியின் ஒரு படியில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கேட்டால் அட்டையைத் தொலைத்தது தான்தான் என்று திட்டு விழுமோ என்ற பயம். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் அந்தப் படிக்கான சொற்களை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சரசரவென்று ஏறிவிட்டாள்.

இதில் சொல்ல வந்தது அடுத்து நடந்தது. பள்ளிப் பார்வைக்கு வந்த ஓர் அலுவலர் அந்தக் கையெழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, “இது நம்ம அட்டை இல்லையே, இதை எதுக்கு வச்சிருக்கீங்க?” என்றார். காரணம் சொன்னேன். “காணாமப்போனதுக்குக் கோரிக்கை எழுதிக் கொடுங்க, வரும். சொந்தமா எதுவும் சேர்க்காதீங்க” என்றார். நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் அட்டைகள் முழுத் தொகுப்பாக இருக்கின்றனவா என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்ப வந்திருந்தார். சென்னையில் ஆசிரியர்கள் தாங்களே அட்டை செய்ததுதான் பெருமை. அதே வேலையை நான் செய்தபோது அது விதிமீறல் ஆகிவிட்டது.

கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். அட்டை வரவில்லை.

ஆசிரியர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது, பாயில் உட்கார வலித்தது, அதனால்தான் எதிர்த்தார்கள் என்கிறார்களே?

சிலருக்கு வலித்தது, உண்மைதான். 55 வயதில் மூட்டுவலியோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுவது சின்ன விஷயம் இல்லை. சிலர் பழைய வழியை விட மனமில்லாமலும் இருந்தார்கள். மறைக்கவில்லை.

ஆனால் என் அனுபவத்தில், அதிகம் கேள்வி கேட்டவர்கள் அதிகம் வேலை செய்தவர்கள்தான். பிள்ளைகளை நன்றாக எழுத வைத்துக்கொண்டிருந்த ஆசிரியரிடம் போய், “நீங்கள் இதுவரை செய்தது தவறு, நாளை முதல் இப்படி” என்றால் அவர் ஏன் என்று கேட்கத்தான் செய்வார். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் அந்த ‘ஏன்’-க்கு இடம் இல்லை. பயிற்சி கொடுக்க வந்த ஆசிரியர் பயிற்றுநர்களும் மேலிருந்து வந்த கையேட்டைத்தான் வாசித்தார்கள், அவர்களையும் யாரும் கேட்டு முடிவு செய்யவில்லை. ஒன்றுமே செய்யாதவர்களுக்கு எந்தத் திட்டம் வந்தாலும் ஒன்றுதான். கம்பிப் பந்தலில் பார்வைக்கு முந்தின நாள் நாற்பது ஒரே மாதிரி பூவை வரைந்து தொங்கவிட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது.

பெற்றோர் என்ன சொன்னார்கள்?

“பையில புத்தகமே இல்லையே, என்னத்த படிக்குது?” இதைச் சொல்லாத பாட்டி கிடையாது. வீட்டுப்பாடம் இல்லை, ரேங்க் இல்லை, வாய்ப்பாடு சத்தமாகச் சொல்வது இல்லை. எதிரிலேயே மஞ்சள் நிற வேன் வந்து நிற்கிறது, டை கட்டிய பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். பெற்றோரிடம் இந்த முறை எதற்கு, எப்படி என்று உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் இதனால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆங்கில வழி ஆசைதான் பெரிய காரணம். ஆனாலும் தயங்கிக்கொண்டிருந்தவர்களை இது ஓர் அடி முன்னால் தள்ளியது.

ஈராசிரியர் பள்ளி என்று சொன்னீர்களே, அதில் என்ன தனிப் பிரச்சினை?

பிரச்சினையின் மூலமே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். சட்டம் போட்டவர்கள் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தைப் பார்த்தார்கள். கிராமத்தில் அது என்ன ஆகிறது என்றால், ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போவார், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போவார், சத்துணவுக் கணக்கு, இலவசச் சீருடைக் கணக்கு, காலணி அளவுக் கணக்கு எல்லாம் பார்ப்பார். இன்னொருவருக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு இருந்தால், அன்றைக்கு மொத்தப் பள்ளியும் ஒருவர் கையில். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படியேதான்.

சரி, ரிஷிவேலி முறையே ஓராசிரியர் பள்ளிக்காகச் செய்ததுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அந்தச் சின்னப் பள்ளிகளில் ஆசிரியருக்குக் கற்பிப்பதுதான் வேலை, பக்கத்திலேயே உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள், அட்டையை மாற்றும் உரிமையும் இருந்தது. எங்களுக்கு அந்த முறை வந்தது, அந்தச் சூழ்நிலை வரவில்லை.

முன்னோட்டம் நடத்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, போக்குவரத்து வசதியுள்ள, கட்டடம் நன்றாக உள்ள, ஆர்வமுள்ள தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியைத்தான் யாரும் எடுப்பார்கள். நானே அலுவலராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன், மனித இயல்பு. ஆனால் ஒரு திட்டம் எங்கே உடையும் என்பதுதான் முன்னோட்டத்தில் தெரிய வேண்டும். அது உடையும் இடம், பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. அங்கே முதலில் கொண்டுபோங்கள்.

செயல்வழிக் கற்றல் கடைசியில் என்ன ஆனது?

யாரும் அதை நிறுத்தியதாகச் சொல்லவில்லை. 2010-இல் சமச்சீர் கல்வி வந்தது, புதிய பாடநூல்கள் வந்தன. 2012-இல் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. அட்டையும் வேண்டும், புத்தகமும் வேண்டும், மதிப்பீட்டுப் பதிவேடும் வேண்டும் என்றாயிற்று. பிறகு அட்டைகளை எளிமைப்படுத்தினார்கள். 2018-இலிருந்து மறுபடி புதிய பாடநூல்கள். ட்ரேக்கள் பீரோவுக்கு மேலே ஏறின. 37,000 பள்ளிகளில் பத்தாண்டுகள் நடந்த ஒரு வேலை எதில் ஜெயித்தது, எதில் தோற்றது என்று ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்கார்த்திவைத்து ஒரு நாள் கேட்கவில்லை. குறைந்தபட்சம் நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

எண்ணும் எழுத்தும் திட்டமும் அதே கதைதானா?

முழுக்க அப்படிச் சொல்வது நியாயம் இல்லை. கொரோனாவால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 வரைக்கும் பள்ளி பூட்டிக் கிடந்தது. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்த்திருக்கவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டிய நேரம். 2022 ஜூனில், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்காக இருந்தது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5-க்கும்.

பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையால் பிரிப்பது இதன் அடிப்படை. செயல்வழிக் கற்றலின் சாரத்தை வேறு பெயரில் திரும்பப் பார்த்ததுபோல எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாட்டு, கதை, ஆடல் எல்லாம் இருக்கிறது. பயிற்சி நூல் பிள்ளையின் கையில் இருப்பதால் வீட்டிலும் பார்க்கலாம், பாட்டிமார் கேள்விக்கு இம்முறை பதில் இருக்கிறது.

இதிலும் குறை என்று நான் சொல்வது ஒன்றுதான்: ஆசிரியரின் நேரம். பாடம் நடத்துவதைவிட, நடத்தியதைப் பதிவு செய்வதற்கு நேரம் போகிறது.

பதிவு செய்வதில் அப்படி என்ன கஷ்டம்? எல்லாம் செல்போனில்தானே?

போன ஆண்டு அக்கா மகள் பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தேன். மதிப்பீட்டு நாள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, அந்தப் பிள்ளையின் விடையைச் செயலியில் பதிய வேண்டும். பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காது, வேப்பமரத்தடியில் கிடைக்கும். அவள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறாள். ஒரு பையன் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், ‘கொ’வுக்கும் ‘கோ’வுக்கும் எது ஒத்தக் கொம்பு, எது ரெட்டக் கொம்பு, சொல்லுங்க” என்று கேட்கிறான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “இருடா கண்ணு, இது ஏறட்டும்” என்கிறாள். மூன்று தடவை சொன்னாள். நான்காம் தடவை அவன் கேட்கவில்லை, விளையாடப் போய்விட்டான்.

ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தானாக வந்து கேட்கிற ஒரு நிமிடம் இருக்கிறதே, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அதுதான் அறுவடை. அந்த நிமிடம் திரும்ப வராது. அந்தப் பையன் அன்றைக்குச் செயலியில் எந்த நிலையில் பதிவானானோ, அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது அன்றைக்குத் தெரியாமலே போயிற்று.

அப்புறம் கல்வித் துறையின் எமிஸ் இணையத் தளம். பிள்ளைகளின் ஆதார், வங்கிக் கணக்கு, உயரம், எடை, நலத்திட்டப் பொருள்கள் என்று அதில் ஏற்ற வேண்டியது ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும். ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக வைக்கும் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று இந்தப் பதிவு வேலையிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்பது. சம்பளத்துக்காக மட்டும் போராடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: “எங்களைப் பாடம் நடத்த விடுங்கள்” என்றும்தான் தெருவில் இறங்கிக் கேட்கிறார்கள்.

பி.எட். மாணவர்களை அனுப்பி மதிப்பிட்டதை ஏன் எதிர்த்தார்கள்? வெளியாள் பார்ப்பது நல்லதுதானே?

வெளியாள் பார்ப்பது நல்லதுதான், நானே அதைக் கேட்பவள். 2023-இல் எண்ணும் எழுத்தும் வகுப்புகளைப் பார்த்து மதிப்பிட ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் மாணவர்களை அனுப்ப முயன்றபோது சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இதில் நான் சங்கத்தின் பக்கம் பாதி, அரசின் பக்கம் பாதி. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரை, இன்னும் ஒரு வகுப்பைத் தனியாக எடுத்திராத பிள்ளை எடைபோடுவது வலிக்கும். ஆனால் எதிர்ப்பின் ஆழமான காரணம் வேறு. மதிப்பீடு என்பது திட்டத்தைச் சோதிக்கவா, ஆசிரியரைச் சோதிக்கவா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பிள்ளை படிக்கவில்லை என்றால் திட்டத்தில் ஓட்டை என்று யாரும் எழுதுவதில்லை, ஆசிரியரிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். அந்தப் பயம் இருக்கும்வரை உண்மையான மதிப்பெண் மேலே போகாது.

சரி, பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்களா? எண்ணிக்கை ஏதாவது உண்டா?

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்கு 10.2 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 4.8 பேர். 2024 ஆய்வில் ஏறியிருக்கிறது. ஏசர் முறையில் குறை சொல்பவர்கள் உண்டு, அதைப் பேசலாம். ஆனால் 2018-ஐ ஒரு நிமிடம் பாருங்கள். அப்போது கொரோனா இல்லை. பத்தாண்டு செயல்வழிக் கற்றலுக்குப் பிறகான எண் அது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டும் சேர்ந்த கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியார் பள்ளியில் எல்லாம் பிரமாதம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நன்றாக அளந்த ஒரு திட்டமும் உண்டு. இல்லம் தேடிக் கல்வி. 2021-இல் முதலில் 12 மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. ஊர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமெரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2019-இலேயே வேறொரு ஆய்வுக்காக நான்கு மாவட்டங்களில் பிள்ளைகளைச் சோதித்து வைத்திருந்தார்கள். பள்ளி திறந்த பிறகு அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் அளந்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்றும் தெரிந்தது. மீதி மீட்சியில் பெரும்பங்கு வழக்கமான பள்ளிக்கூடத்துடையது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிச் சொல்ல முடிந்தது எதனால்? திட்டம் தொடங்கும் முன்பே எடுத்த அளவு கையில் இருந்ததால். அதுவும் திட்டத்துக்காக எடுத்தது இல்லை, தற்செயலாக இருந்தது. முன்னோட்டத்துக்கு முன் அளவெடுப்பது தற்செயலுக்கு விட வேண்டிய காரியமா?

அப்படியென்றால் முன்னோட்டமே வேண்டாம், நேரடியாகச் செய்துவிடலாம் என்கிறீர்களா?

ஐயோ, இல்லை. முன்னோட்டம் இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் 1953-இல் பார்த்துவிட்டது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, இரண்டு முறையாக நடத்தி, மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். எங்கும் சோதித்துப் பார்க்கவில்லை, சட்டமன்றத்தில் வைத்து முன்கூட்டிப் பேசவும் இல்லை. எதிர்ப்பு கிளம்பி, அவர் பதவி விலகி, காமராசர் வந்தபின் 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தின் உள்ளடக்கமே அநீதி, அதை எத்தனை முன்னோட்டம் வைத்தாலும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் கேட்காமல் செய்வது என்ற பழக்கம் அதோடு போய்விடவில்லை. நல்ல திட்டத்தையும் கேட்காமல்தான் கொண்டுவருகிறோம்.

பின்னே எப்படித்தான் நடத்த வேண்டும்?

தொடங்கும்போதே, எது நடந்தால் இதை நிறுத்துவோம் என்று எழுதி வைக்க வேண்டும். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! தோற்க இடம் இல்லாத சோதனை சோதனையே இல்லை, அது அறிவிப்புக்கு முன் நடக்கும் ஒத்திகை. நடத்துபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. செயல்வழிக் கற்றலைச் சென்னையில் வளர்த்த அதே அதிகாரிதான் மாநிலத்துக்கும் கொண்டுபோனார். அவர் பள்ளிக்குள் வந்து தரையில் உட்கார்ந்து பார்த்த அதிகாரி, அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தான் பெற்ற பிள்ளையைத் தானே எடைபோடச் சொன்னால் யாராக இருந்தாலும் கை நடுங்கும்.

முன்னோட்டப் பள்ளிகளில் பாதியாவது ஈராசிரியர் பள்ளியாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு நடக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிக்கும் காலம் அது. புதுப் பதிவேடு ஒன்று கொடுத்தால் பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவிட வேண்டும். முடிவை, நல்லதோ கெட்டதோ, ஆசிரியரும் பெற்றோரும் படிக்கிற தமிழில் வெளியிட வேண்டும். பிறகு பரப்பும்போது, ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஆசிரியர்களுக்குச் சில மாதம் கொடுத்து, இதை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட வேண்டும். கடலோரத்துப் பிள்ளைக்கு ‘வ’ என்றால் வலை, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வரப்பு. இது மாநிலம் முழுக்க ஒரே அட்டையாக ஏன் இருக்க வேண்டும்?

இப்படி விமர்சித்தால் அரசுப் பள்ளிமேல் நம்பிக்கை போய், தனியாருக்குத்தானே லாபம்?

இந்தக் கேள்வி என்னை மிகவும் யோசிக்க வைத்திருக்கிறது, சில ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காலை உணவு கொடுக்கிறோம், சீருடை, புத்தகம், காலணி கொடுக்கிறோம். இந்த நாட்டில் பல மாநிலங்கள் செய்யாததைத் தமிழ்நாடு செய்கிறது, பெருமையாகச் சொல்வேன். என் பேரன் அரசுப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அதனால்தான் கேட்கிறேன். வேறு வழியுள்ளவர்கள் குறை கண்டால் பேசாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கேயே இருக்கப் போகிறவர்கள்தான் பேச வேண்டும்.

நான் ஒரு பெற்றோர். என்னால் என்ன செய்ய முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். கட்டடம், தண்ணீர், கழிப்பறை பற்றிக் கேட்பது போலவே படிப்பைப் பற்றியும் கேளுங்கள். என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? போன பருவத்தில் எங்கே இருந்தாள்? இந்த மாதம் ஆசிரியர் எத்தனை நாள் வேறு வேலைக்குப் போனார்? கடைசிக் கேள்வியை ஆசிரியரைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். அந்த எண்ணிக்கையைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். “இந்த மாதம் இரண்டு ஆசிரியரில் ஒருவர் ஒன்பது நாள் வகுப்பில் இல்லை, மாற்று ஆசிரியர் வேண்டும்” என்று குழுவின் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பினால், அது தலைமையாசிரியர் தனியாக எழுதும் நூறு கடிதத்துக்குச் சமம். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. ஒரே ஒருமுறை, பன்னிரண்டு தாய்மார்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது, அடுத்த திங்கட்கிழமையே மாற்று ஆசிரியர் ஒருவர் பையோடு வாசலில் வந்து நின்றார்.